வண்டியை எண்ணுவதா, தங்கும் இரவை எண்ணுவதா? – நீலகிரி இ-பாஸும் சிறு விடுதிகளும்

வாசகர் கேள்வி – 14 மார்ச் 2025

நேற்று வந்த உயர் நீதிமன்ற உத்தரவின்படி, ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய, நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதி நாட்களில் 8,000 சுற்றுலா வாகனங்களுக்கு மட்டுமே இ-பாஸ் வழங்கப்படும். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று கணக்கு. என் தம்பி குன்னூரில் டாக்சி ஓட்டுகிறான். நான் வங்கிக் கடன் வாங்கி வீட்டு மாடியில் இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறேன். எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு இத்துடன் முடிந்தது என்பது என் கருத்து. மாற்று வழி கண்டவர் யாரேனும் இருந்தால் சொல்லவும்.

பதில் – 14 மார்ச் 2025, இரவு

நான் கோத்தகிரிப் பக்கம் நான்கு ரூம் நடத்துகிறேன். அப்பா விட்டுச் சென்ற ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை கொடுத்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் வரும். அந்தப் பச்சை இலைக்குக் கிடைக்கும் விலையில் பறிகூலி, உரம், மருந்து எல்லாம் போக வீட்டுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு என்பதால்தான், பழைய வீட்டைப் பிரித்து ரூம்களாக மாற்றினேன். ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ பாதி ஏப்ரல், மே என்ற இரண்டே மாதங்களில் வருகிறது. சீசன் நாட்களில் ஒரு நாளைக்கு 20,000 வாகனங்கள் வருவதாக 2024-ல் இதே வழக்கில் அரசுத் தரப்பே சொன்னது. இருபதாயிரத்தை ஆறாயிரமாகக் குறைத்தால் என் நான்கு ரூம்களில் மூன்று காலியாக இருக்கும் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க எனக்கு இப்போது தோன்றவில்லை.

15 மார்ச் 2025

நேற்றைய கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. உத்தரவை நிதானமாகப் படித்தபோது, அரசுப் பேருந்துகள், உள்ளூர் வாகனங்கள், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஆகியவை இந்த எண்ணிக்கைக்குள் வராது என்று தெரிந்தது. அப்படியானால் 20,000-ஐயும் 6,000-ஐயும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. உங்கள் தம்பியின் வண்டி டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் கொண்டது என்றால் அது எந்தத் தடையும் இல்லாமல் ஏறி இறங்கலாம். கட்டுப்பாடு வண்டிக்குத்தானே தவிர மனிதர்களுக்கு இல்லை என்பதை நேற்று கோபத்தில் கவனிக்கவில்லை. பேருந்திலும் ரயிலிலும் எத்தனை பேர் வந்தாலும் தடுப்பார் இல்லை.

22 மார்ச் 2025

ஒரு வாரமாக இதே நினைப்பாக இருந்ததில், எங்கள் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது.

எங்கள் ரூம் ஒன்றில் ஒரு குடும்பம் தங்கிப் போனால் இரண்டு விரிப்பு, நான்கு தலையணை உறை, இரண்டு கம்பளி உறை, நான்கு துண்டு துவைக்க வேண்டும். வெயில் நாளில் மாலைக்குள் உலரும். மூட்டம் போட்டுவிட்டால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. மஞ்சள் பல்பு எரியும் உள்ளறையில், சுவருக்குச் சுவர் கட்டிய நைலான் கயிற்றில் விரிப்புகள் தொங்க, அதற்குக் கீழே கரியடுப்பை வைத்து என் மனைவி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் திருப்பிப் போடுவார். விரிப்பில் புகை வாடை ஏறினால் விருந்தினர் புகார் சொல்வார்கள் என்பதால் கரி நன்றாகக் கனன்ற பிறகுதான் உள்ளே கொண்டு போவார். சென்ற மே மாதத்தில் இப்படி இரவு பதினொன்று வரை உலர்த்திய நாட்கள் பல.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று இரவுகளுக்கு நான்கு ரூமும் நிறைந்தால் பன்னிரண்டு இரவு வாடகை. ஒவ்வொரு குடும்பமும் ஓர் இரவு மட்டும் தங்கினால் பன்னிரண்டு குடும்பங்கள், பன்னிரண்டு வண்டிகள், பன்னிரண்டு முறை துவையல். ஒவ்வொரு குடும்பமும் மூன்று இரவு தங்கினால் நான்கு குடும்பங்கள், நான்கு வண்டிகள், நான்கு முறை துவையல், வாடகை அதேதான். மூன்று இரவு தங்குபவர் சாப்பாட்டுக்கும் நம் சமையலறையையே நம்புவதால் அந்த வருமானம் தனி. மலையில் ஏறும் வண்டி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் என் வருமானம் குறையாமல் இருக்க வழி இருக்கிறது என்றால், இத்தனை ஆண்டுகள் நான் எதை எண்ணிக்கொண்டிருந்தேன்?

2 ஏப்ரல் 2025

இன்று மாவட்டம் முழுவதும் கடையடைப்பு. இ-பாஸை எதிர்த்து வணிகர்கள் அழைப்பு விடுத்தார்கள். நானும் ஆதரித்துப் பெயர்ப் பலகை விளக்கை அணைத்துவைத்தேன். ஆனால் இரண்டு நாட்களுக்கு முன்பே வந்து தங்கியிருந்த திருச்சித் தம்பதியைப் பட்டினி போட முடியுமா? காலையில் தேநீருக்காகக் கடைவீதி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்கள். மனைவி எங்களுக்குச் செய்த ராகிக் களியையும் அவரைக் குழம்பையும் அவர்களுக்கும் பரிமாறினார். மதியம் எங்கும் போக வழியில்லாததால் என்னுடன் தோட்டத்துக்கு வந்தார்கள். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்றால் எது, முற்றிய இலையை ஏன் தொழிற்சாலையில் கழிக்கிறார்கள், கவாத்து வெட்டிய செடி எத்தனை மாதத்தில் மறுபடி துளிர்க்கும் என்று அந்த அம்மா கேட்ட கேள்விகளுக்கு மாலை வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளை கிளம்ப வேண்டியவர்கள் இன்னும் ஒரு நாள் இருக்க முடியுமா என்று இரவு கேட்டார்கள்.

கடையடைப்பின் காரணம் நியாயமானது என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. இ-பாஸ் எடுக்கத் தெரியாமல் பயணத்தையே கைவிட்டவர்கள் உண்டு. சோதனைச்சாவடியில் நின்று கைபேசியில் தடுமாறிய பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இன்று நான் கற்றுக்கொண்டது வேறு. ஊரில் எதுவும் திறந்திராத நாளில், அந்தத் தம்பதிக்கு எங்கள் தோட்டமே போதுமானதாக இருந்தது.

13 ஏப்ரல் 2025

சித்திரைத் திருநாள் தொடர் விடுமுறை. வேலையாக மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினேன். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்ற ஒருவழி ஏற்பாட்டின்படி, கோத்தகிரிக்காரனான நானும் பர்லியார் ஏறி, குன்னூர் சுற்றித்தான் வீடு வந்தேன். நேர்வழியில் 33 கிலோமீட்டர். இப்படிச் சுற்றினால் ஐம்பதுக்கு மேல்.

மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறில் இ-பாஸ் பார்க்க ஒரு வரிசை, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு நிறுத்தம். எனக்கு முன்னால் ஒரே குடும்பத்தின் மூன்று கார்கள். மூன்றிலும் சேர்த்து ஒன்பது பேர். முதல் காரில் இருந்த முதியவர் இறங்கி, கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து சாலையோர மரத்தடியில் ஊற்றினார். காலி பாட்டில்களை ஊழியர் வாங்கிச் சாக்கில் போட்டார். எங்கு போகிறீர்கள் என்று கேட்டேன். ஊட்டியில் பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்துவிட்டு இரவே இறங்கிவிடுவோம் என்றார். அந்த மூன்று கார்களும் இந்த மலையில் எட்டு மணி நேரம் சாலையில் இருக்கும், இரண்டு மணி நேரம் நிறுத்துமிடம் தேடும்; ஒரு ரூமுக்கும் வாடகை தராது. கணக்கில் மூன்று வண்டி. என் வீட்டில் மூன்று இரவு தங்கும் குடும்பமும் கணக்கில் ஒரு வண்டிதான்.

இந்த மலையின் கொள்திறனை, அதாவது அது எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்பதை, ஆராயும் பணி சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் வண்டியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு வண்டியும் எத்தனை பேரைக் கொண்டுவந்தது, எத்தனை இரவு நின்றது என்பதையும் எண்ண வேண்டும் என்பது என் கோரிக்கை. தங்குமிடத்தில் முன்பதிவு வைத்திருப்பவருக்கு, அதிலும் இரண்டு இரவுக்கு மேல் தங்குபவருக்கு, பாஸில் முன்னுரிமை கொடுத்தால் நாம் கடையடைக்க வேண்டிய தேவையே இருக்காது.

21 ஏப்ரல் 2025

சொல்வதோடு நிறுத்தாமல் செய்து பார்த்தேன். முதல் முயற்சி தோற்றது. அதையும் எழுதிவிடுகிறேன், உங்கள் தம்பிக்கு உதவும்.

சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறரைக்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடுகிறது. மலை ரயில் 7.10-க்குக் கிளம்பிப் பத்தரை வாக்கில் குன்னூர் சேர்கிறது. சொந்த வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து உள்ளூர் டாக்சியில் அழைத்து வருகிறோம், குறைந்தது மூன்று இரவு தங்கினால் டாக்சிக் கட்டணத்தில் பாதியை நான் ஏற்கிறேன் என்று பழைய விருந்தினர் முப்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நான்கு குடும்பங்கள் ஒப்புக்கொண்டன.

டிரைவரிடம் பேசிய வாடகை நேர்வழிக்கு. ஒருவழிப் பாதையால் ஐம்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்ததும், நெரிசலில் மூன்று மணி நேரம் போனதும் இருவருமே கணக்கில் எடுக்காதவை. வீட்டு வாசலில் வைத்து அவர் கூடுதல் கேட்டார், விருந்தினர் பேசிய தொகைதான் என்றார், நடுவில் நான். அதோடு, ஸ்டாண்டு வண்டிக்குத் தராமல் வெளியே ஏற்பாடு செய்ததாக எங்கள் ஊர் டாக்சிக்காரர்களுக்கும் என் மேல் வருத்தம். அவர்கள் வருத்தப்பட்டது சரி. முதலில் அவர்களைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். மூத்த டிரைவர் ஒருவர் சொன்ன வழிதான் இப்போது நடைமுறையில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கவே வேண்டாம் என்றார் அவர். மலை ரயிலில் சீட்டு கிடைத்தவர்கள் அதிலும், கிடைக்காதவர்கள் அரசுப் பேருந்திலும் குன்னூர் வரட்டும். அங்கிருந்து 21 கிலோமீட்டர் நம் வண்டி போதும். தங்கும் நாட்களில் சுற்றிக் காட்டுவதும் அதே வண்டியாக இருக்கட்டும், நாள் வாடகை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். மலைப்பாதையில் ஏறி இறங்கித் தேயும் டயரும் கிளட்சும் மிச்சம், மூன்று நாள் சவாரி உறுதி என்று அவர் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னபோது, முப்பது ஆண்டு ஓட்டிய கைக்கு முன்னால் என் திட்டம் எவ்வளவு குறையுள்ளது என்று தெரிந்தது.

9 மே 2025

மூன்று குடும்பங்கள் புதிய ஏற்பாட்டில் வந்து போயின. மலை ரயில் சீட்டு கிடைப்பதுதான் பெரும் சிக்கல். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் போட்ட அந்தப் பாதையில் பல்சக்கரம் பிடித்து ஏறும் ரயிலுக்கு இடங்கள் குறைவு, கேட்பவர்கள் ஏராளம். பேருந்தில் வந்தவர்களுக்குப் பெட்டிகளை ஏற்றுவது சிரமமாக இருந்தது. ஊட்டியில் ஒரு சீட்டு வாங்கினால் நாள் முழுதும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறி இறங்கும் சுற்றுப் பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் சீசனில் விடுவதைப் போல, மேட்டுப்பாளையம் ரயில் வரும் நேரத்துக்குப் பெட்டி வைக்க இடமுள்ள இரண்டு பேருந்துகளை விட்டால் நிலைமை மாறிவிடும்.

27 மே 2025

மார்ச்சில் நான் எழுதிய முதல் குறிப்பை மறுபடி படித்தேன். இந்த சீசனில் ரூம் காலியானால் காரணம் இ-பாஸ்தான் என்று முடிவுகட்டி எழுதியிருந்தேன். நடந்தது அதுவல்ல. பருவமழை வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டது. 25, 26 தேதிகளில் நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை. சுற்றுலா இடங்கள் மூடல். மலர்க்காட்சியின் கடைசி நாட்களை நம்பியிருந்த முன்பதிவுகளில் ஐந்து ஒரே மாலையில் ரத்தாயின. இணையத்தில் முன்பதிவு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் வழியாக வந்த இரண்டு பதிவுகளுக்கு, பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்தது நான். ஆனால் கமிஷனைப் பிடித்துக்கொண்டார்கள். மழைக்கு நான் பொறுப்பா என்று கேட்டு எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது. நேரடியாகப் பேசி வந்த மூவரிடம் பணத்துக்குப் பதில் தேதி மாற்றித் தருகிறேன் என்றேன்; இருவர் செப்டம்பருக்கு ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தை நம்பி ஓராண்டு நடத்தும் தொழில், இரண்டு நாள் மழையில் இப்படி ஆட்டம் காணும். பாஸ் இல்லாமலிருந்தாலும் இந்த ஐந்து பதிவுகளும் போயிருக்கும்.

11 ஜூன் 2025

உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை மக்கள் என்றாவது ஏற்றுக்கொண்டதுண்டா என்று. இந்த மாவட்டத்திலேயே உண்டு.

டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருவது என்ற திட்டம் 2022 மே மாதம் முதலில் இங்குதான் தொடங்கியது. காட்டில் எறிந்த பாட்டில் உடைந்து யானையின் காலில் ஏறுகிறது என்பதால் வந்த ஏற்பாடு. கடைக்காரருக்கு இடம் இல்லை, ஊழியர் போதாது, ஒட்டிய ஸ்டிக்கர் மழையில் உரிகிறது என்று ஆயிரம் குறை சொன்னோம். குறைகள் உண்மைதான். ஆனால் எங்கள் தோட்டத்துக்கு மேலே, வளைவில் இருக்கும் கல்மேடையில், முன்பெல்லாம் திங்கட்கிழமை தோறும் காலையில் பத்துப் பதினைந்து பாட்டில் கிடக்கும். என் அப்பா காலத்திலிருந்து பறிக்கும் பெண்கள் அந்தப் பக்கம் செருப்பில்லாமல் போனதில்லை. இப்போது அங்கே பாட்டில் கிடந்தால் ஏழு மணிக்குள் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பத்து ரூபாய் கிடைப்பதால் பொறுக்க ஒரு கை இருக்கிறது.

முதுமலை வழியாக மைசூருக்குப் போகும் சாலையில், பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனத் தடை 2009-லிருந்து இருக்கிறது. காய்கறி லாரி கெட்டுப்போகும் என்ற பேச்சு அப்போது எங்கும் கேட்டது. இன்று கூடலூர்க்காரர்கள் அந்த நேரத்தை வைத்தே பயணத்தைத் திட்டமிடுகிறார்கள்.

மறுபடி யோசித்ததில் தோன்றிய ஒன்றையும் சேர்க்கிறேன். பாட்டில் திட்டத்தில் பத்து ரூபாய் குடித்தவரிடமிருந்து வந்து பொறுக்குபவருக்குப் போனது. இ-பாஸில் அப்படிக் கைமாறும் ஏற்பாடு எதுவும் இல்லை. வண்டி குறைவதால் நட்டம் அடைபவர் சாலையோரத்தில் கேரட்டும் வேகவைத்த சோளமும் விற்பவர். அவருக்கு மூன்று இரவு தங்கும் விருந்தினரால் வரும் பயன் குறைவு. நான் மார்ச்சில் கண்டுபிடித்ததாக நினைத்த வழி ரூம் வைத்திருப்பவனுக்கான வழி. சோளக்காரருக்கான வழியை நான் இன்னும் காணவில்லை. எங்களிடம் தங்குபவர்களைக் காய்கறி வாங்க அவர்களிடமே அழைத்துப் போகச் சொல்லி டிரைவர்களிடம் பேசியிருக்கிறேன். அது போதாது என்று எனக்கே தெரியும்.

6 ஜூலை 2025

கணக்குப் புத்தகத்தை முடித்துவிட்டேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்த குடும்பங்கள் சென்ற ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ரூம் வாடகை வருமானம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அதில் பெரும்பகுதி மே மாதக் கடைசி வார மழையால் போனது. சாப்பாட்டு வருமானம் கூடியிருக்கிறது. துவையல் சோப்பும் கரியும் நிறையவே மிச்சம். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்குத் துவையல் குறைந்ததால் கூலி குறையக் கூடாது என்று மனைவி உறுதியாக நின்றார். இப்போது அவர் சமையலில் பாதியைப் பார்க்கிறார். அவர் கை மணத்துக்காகவே மறுபடி வருவோம் என்று எழுதிவைத்துப் போனவர்கள் உண்டு.

செப்டம்பருக்கு இப்போதே ஆறு இரவுகள் பதிவாகியிருக்கின்றன. கடந்த ஆண்டுகளில் செப்டம்பரில் நான் ரூம்களைப் பூட்டிவிட்டுத் தோட்ட வேலை பார்த்தேன்.

உங்கள் இரண்டு ரூம்கள் பற்றி: வங்கித் தவணைக்கு ஈடுகொடுக்க வேண்டிய நீங்கள் என்னைப் போல் பாதி டாக்சிக் கட்டணத்தை ஏற்க வேண்டாம். உங்களுக்கு அது தேவையுமில்லை. வீட்டிலேயே ஒரு டிரைவர் இருக்கிறார். குன்னூர் ரயில் நிலையத்திலிருந்து உங்கள் வீடு பத்து நிமிட தூரம் என்றீர்கள். வண்டியும் ரூமும் சாப்பாடும் சேர்த்து மூன்று இரவுக்கு ஒரே தொகை சொல்லிப் பாருங்கள். என் நான்கு ரூமும் நிறைந்த நாட்களில் கேட்பவர்களை உங்களிடம் அனுப்புகிறேன். இந்தச் சனிக்கிழமைக்கு ரூம் கேட்ட ஒரு குடும்பத்திடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் இருவர், கைக்குழந்தை ஒன்று. குழந்தைக்கு வெந்நீர் எந்நேரமும் வேண்டுமாம். பத்தரை மணி ரயிலில் வருகிறார்கள், தம்பியைக் கொஞ்சம் முன்னதாகவே நிலையத்தில் நிற்கச் சொல்லுங்கள்.